கம்ப்யூட்டருக்குப் பெரட்டு எடுத்த கங்காணி

உலகத்திலேயே கம்ப்யூட்டருக்குப் பெரட்டு எடுத்த ஒரே மனிதர் எங்கள் பதுளையில்தான் இருந்தார். அமெரிக்காவில் இருந்திருப்பார், ஜப்பானில் இருந்திருப்பார் என்று யாராவது வாதாட வந்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கும். பெரட்டுக்கு எங்கே போவார்கள்?

பெரட்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, நீ இந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போ, நீ அந்த மலைக்குப் புல்லு வெட்டப் போ என்று வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. வேலை செய்தவருக்கு அன்றைக்குப் 'பேர்' விழும். குறைவாகச் செய்தால் அரைப் பேர். பக்கத்தில் நின்று வேலை வாங்குகிறவர் கங்காணி. எங்கள் ஆளுக்கும் அதுதான் பெயர். சொந்தமாக ஒரு பெயர் அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆபீசுக்கு வந்த அவருடைய தாய்மாமாவையே, அப்படி யாரும் இங்கே இல்லையே என்று நாங்கள் திருப்பி அனுப்பியிருக்கிறோம். பாவம், அந்த மனிதர் கொண்டுவந்த பலாப்பழத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்.

கங்காணி என்று கூப்பிட்டால் கோபம் வராதா என்று ஒரு நாள் கேட்டேன். "எங்க தாத்தா கங்காணிகிட்ட ஏச்சு வாங்கியே வயசானவரு தங்கச்சி. நானாவது கங்காணியா இருந்துட்டுப் போறேன்" என்றார். அதற்குப் பிறகு எனக்கும் கூச்சம் விட்டுப்போய்விட்டது.

எங்கள் ஆபீஸ் பதுளை பசார் தெருவில், ஹாஜியாரின் புடவைக் கடைக்கு மேல்மாடி. பெரிய ஆபீஸ் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு ஜன்னல், ஐந்தாறு மேசை, பலகைத் தரை. நடந்தால் கீழே கடையில் தூசி விழும். தோட்டங்களுக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த படங்கள் எங்களுக்கு மூட்டை மூட்டையாக வரும். அவற்றையெல்லாம் ஒட்டுப்போட்டு முழு மலையாக்கி, எங்கே செடி வாடியிருக்கிறது, எங்கே செடியே இல்லை, எந்த மலைச் செடிகளுக்குக் கிளை நறுக்கிக் கவ்வாத்து வெட்ட வேண்டும் என்று தோட்டக் கம்பெனிகளுக்குச் சொல்வது எங்கள் வேலை. இந்த வேலைக்குச் சாதாரணக் கம்ப்யூட்டர் காணாது. கிராபிக்ஸ் கார்டு போட்ட பெரிய மிஷின் வேண்டும். அப்படி இரண்டு மிஷின் எங்களிடம் இருந்தன. அவற்றுக்குப் பொறுப்பாளர்தான் கங்காணி அண்ணன்.

ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவர். கம்ப்யூட்டர் படித்து, அதற்கு மேல் வெளிநாட்டுக்கும் போய், கிராபிக்ஸ் கார்டுகள் கரண்டைக் குறைவாகத் தின்றுவிட்டு நிறைய வேலை செய்வது எப்படி என்று ஆராய்ச்சி பண்ணிப் பெரிய பட்டம் வாங்கி வந்தவர். கொழும்பில் கூப்பிட்டார்கள். போகவில்லை. "அங்க மிஷினுக்கு ஒரு பங்கு கரண்டு, அதுக்கு வேர்க்காம இருக்க ஏசிக்கு ஒரு பங்கு கரண்டு. குடும்பம் நடத்துற லட்சணமா இது?" என்று பதுளைக்கு வந்தார். வந்த பிறகு பதுளையும் சூடு என்று கண்டுபிடித்தார். நமுனுகுல மலையைப் பார்த்த ஜன்னல் ஓரமாக மிஷின்களை நகர்த்தி, ஜன்னலை மூடவே கூடாது என்று உத்தரவு போட்டார். அந்தக் காற்று காதுக்கு ஆகாது என்று தான் மட்டும் குரங்குத் தொப்பி மாட்டிக்கொண்டார்.

கிராபிக்ஸ் கார்டு என்றால் என்ன என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். எழுத்து வேலைக்கு வந்தவள் நான், எனக்கு இதெல்லாம் தெரியாது.

"சாதாரண கம்ப்யூட்டர்ல நாலஞ்சு பெரிய மண்டைங்க இருக்கு. கெட்டிக்காரனுங்க. எந்த வேல குடுத்தாலும் செய்வானுங்க. ஆனா நாலஞ்சு பேருதான். கிராபிக்ஸ் கார்டுல அப்புடி இல்ல. ஒரு தோட்டத்து சனம் முழுக்க உள்ள நிக்கிது. ஆளுக்கு ஆளு பெரிய படிப்பு கெடையாது. ஆனா கொழுந்தெடுன்னு சொன்னா அத்தன கையும் ஒரே நேரத்துல செடியில எறங்கும்."

"அப்ப நல்லதுதானே அண்ணே?"

"நல்லதுதான். அத்தன வயித்துக்கும் சோறு போடணுமே."

காலையில் நாங்கள் வந்து பையை வைத்து, பஸ்ஸில் பட்ட பாட்டைப் பேசி முடிப்பதற்குள் அவர் மிஷின்களுக்கு முன்னால் போய் நிற்பார். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். தொண்டையைச் செருமிக்கொண்டு, வேட்டி கட்டிய பெரியவர்களிடம் பேசுவதுபோலத் தொடங்குவார். "நமுனுகுல மலைப் படம் நெறைய வந்துருக்கு. மொத மிஷினு முழுசா எறங்கணும். ரெண்டாவது மிஷினுல பாதிப் பேரு போதும். மிச்சப் பேரு லயத்துக்குப் போயி படுங்க." இவ்வளவும் சொல்லிவிட்டுத்தான் கீபோர்டைத் தட்டுவார். தட்டியதும் உண்மையிலேயே மிஷினுக்குள் பாதி ஆட்கள் தூங்கிப்போவார்கள். விசிறிச் சத்தம் அடங்குவதை வைத்து நாங்கள் தெரிந்துகொள்வோம்.

விஜயா அக்கா முதல் வாரம் பயந்தே போய்விட்டார். நமுனுகுலப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர். படத்தில் வாடிய செடிகளை அடையாளம் போடுவது அவர் வேலை.

"தங்கச்சி, இவருக்கு வீட்டுல யாரும் இல்லையா? மிஷினோட பேசுறாரே."

"பேசுறது பரவாயில்லக்கா. பதில் வர்ற மாதிரி தலையாட்டுறாரே, அதத்தான் பாக்க முடியல."

ஆனால் மனிதர் சும்மா உளறவில்லை. அவருடைய ஆராய்ச்சி முழுக்கத் தோட்டத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது. வேலை இல்லாமல் நிற்கிற ஆளும் சாப்பிடுவான், ஆகையால் நிற்க வைக்காதே, படுக்கப் போடு என்பது ஒன்று. மிஷினை முழு வேகத்தில் விரட்டாதே, கொஞ்சம் வேகத்தைக் குறைத்தால் கரண்டு ஏகத்துக்குக் குறையும் என்பது இன்னொன்று. "கூடையோட மலையில ஓடி ஏறுறவ பாதியில மூச்சு வாங்கி உக்காந்துருவா. மெதுவா ஏறுறவ பேசிக்கிட்டே மேல போயிருவா" என்பார். நாங்கள் அவசரமாக ஒரு படத்தைக் கேட்டாலும் இந்தக் கதைதான் வரும். படம் வர நேரமாகும்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து வைத்து, முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே கையை நிறுத்திவிட்டார். சோற்றைக் கையில் பிடித்தபடி எழுந்து ஜன்னலுக்குப் போனார். விஜயா அக்கா தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடினார், விக்கிக்கொண்டதோ என்று.

"களைப்பு பறிக்கிறதுல இல்ல அக்கா" என்றார் கங்காணி அண்ணன். "மடுவத்துக்குச் சுமந்துக்கிட்டுப் போறதுலதான் இருக்கு."

மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கிற இடம். விஷயம் இதுதான். வாடிய செடி எது என்று பார்க்க மிஷின் ஒரு படத்தை உள்ளேயிருந்து தூக்கிவரும். பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் வைக்கும். வெற்றிடம் எது என்று பார்க்க மறுபடியும் அதே படத்தைத் தூக்கிவரும். கணக்குப் போடுவதைவிட இந்தச் சுமக்கிற வேலைக்குத்தான் கரண்டு அதிகம் போகிறதாம். ஒரு தடவை கூடையை இறக்கினால் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று புரோகிராம் முழுவதையும் திருப்பி எழுதினார். எழுதி முடிக்கிற வரைக்கும் அந்தச் சோற்றுப் பார்சல் மேசையில் அப்படியே கிடந்தது. எறும்புகள்தான் நன்றாகச் சாப்பிட்டன.

இந்த வியாதி ஆபீசோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தவர் அம்மாவுக்கு வணக்கம் சொன்னார், பலகாரத் தட்டை வாங்கினார், நேரே குசினிக்குப் போய் பிரிஜுக்குப் பின்னால் கையை விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏண்டி, அந்தத் தம்பிக்கு வயிறு கியிறு சரியில்லையா? பிரிஜுக்குப் பின்னாலேயே நிக்குதே" என்றார். பிரிஜைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறோமாம், அதற்கு மூச்சு விட இடமில்லையாம். தனியாளாக இழுத்து நகர்த்தினார். அம்மா காணாமல் போட்டு, வேலைக்கு வந்த பெண்ணைச் சந்தேகப்பட்ட வெள்ளிக் கரண்டி பின்னால் கிடைத்தது. அன்றிலிருந்து அம்மாவுக்கு அவர் தெய்வம். எனக்கோ வீட்டில் எந்த லைட்டையும் போட்டுவிட்டு நகர முடியவில்லை.

பண்டாரவளையில் பெண் பார்க்கப் போன கதை இன்னும் மோசம். பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டிருக்கிறார். "கம்ப்யூட்டரைத் தூங்க வைக்கிற வேலைங்க" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். அதோடு விட்டாரா? பேச்சுக்கு நடுவில் எழுந்துபோய் டீவிக்குப் பின்னால் தொட்டுப் பார்த்து, "இப்பதான் நிப்பாட்டியிருக்கீங்க போல, சூடு ஆறலையே" என்றாராம். நாடகம் பார்த்துக்கொண்டிருந்த பெண் மாப்பிள்ளை வருகிறார் என்று அவசரமாக உள்ளே ஓடியிருக்கிறது. அதோடு சம்பந்தமும் ஆறிப்போனது. "நல்ல குடும்பம்தான், போகும்போது லைட்டை நிப்பாட்டிட்டுத்தான் போறாங்க" என்று எங்களிடம் வந்து பாராட்டினார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

இனி ஹாஜியாரிடம் வருகிறேன். கட்டடம் அவர் வாப்பா காலத்துக் கட்டடம். சுவருக்குள் ஓடுகிற வயரும் அந்தக் காலத்து வயர்தான். கீழே கடைக்கும் மேலே எங்களுக்கும் சேர்த்து ஒரே லைன். எங்கள் மிஷின்கள் முழு மூச்சாக ஓடுகிற நேரம் பார்த்து, கீழே தேத்தண்ணிக்குக் கரண்டுக் கேத்தலைப் போட்டால் போதும், ட்ரிப் சுவிட்ச் விழுந்து மாடியும் கடையும் இருட்டாகிவிடும்.

ஹாஜியார் மூச்சிரைக்கப் படியேறி வருவார். "என்ன மகன் இது? ஒரு பொம்புள சாரிய கையில வச்சிக்கிட்டு நிக்கிறா. நான் மெரூன்னு சொல்றேன், அவ கறுப்புன்னு சொல்றா. இருட்டுல நான் எத காட்டுறது?"

வயரை மாற்ற வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும். சுவரை உடைத்தால் கடையை மூட வேண்டும். அது நடக்கிற காரியமில்லை. கங்காணி அண்ணன் யோசித்தார். கீழே கடையில் தேத்தண்ணி எப்போது ஊற்றுகிறார்கள் என்று சில நாள் காதைக் கொடுத்துக் கேட்டார். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அந்த நேரம் வந்தால் மேலே மிஷின்களுக்கும் தேத்தண்ணி நேரம். தானாகவே வேகம் குறைந்து பாதிப் பேர் படுத்துவிடுவார்கள். கேத்தல் கொதித்து முடிந்த பிறகு எழும்புவார்கள். அந்திக்குப் பிறகு கீழே கடைத் தையல்காரரின் அயர்ன் பெட்டியும் ஓய்ந்துவிடும் என்பதால் அப்போது முழுப் பெரட்டு. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கரண்டு போகவில்லை. ஹாஜியார் சந்தோஷத்தில் எங்களுக்கும் தேத்தண்ணி அனுப்பத் தொடங்கினார்.

"தோட்டத்துல பொறந்தவனுக்குத் தெரியாததா தங்கச்சி? என்ன மாறினாலும் தேத்தண்ணி நேரம் மாறாது" என்று கங்காணி அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார்.

மாறியது. நோன்பு வந்தது.

எங்கள் மாடியில் இருந்த அத்தனை பேரும் தோட்டத்து ஆட்களும் டவுன் தமிழ் ஆட்களும்தான். தீபாவளி தெரியும், பொங்கல் தெரியும், சிங்கள ஆட்களின் வெசாக் கூடத் தெரியும். கீழே ஒரு கடையே பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் இல்லாமல் இருக்கிறது, அப்படியானால் கேத்தலும் பகலில் சும்மா இருக்கும், அந்தியில்தான் கொதிக்கும் என்று யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பகலில் தேத்தண்ணி நேரம் வந்ததும் யாருமே தேத்தண்ணி குடிக்காத கட்டடத்தில் எங்கள் மிஷின்கள் மட்டும் ஒழுங்காக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய வேலை ஒன்று வந்து சேர்ந்தது. ஒரு கம்பெனியின் அத்தனை மலைகளையும் கவ்வாத்து தொடங்குவதற்கு முன் பார்த்துக் கொடுக்க வேண்டும். கங்காணி அண்ணன் வழக்கம்போல அந்திக்கு முழுப் பெரட்டு வைத்தார். கீழே பெருநாள் யாவாரம். ஷோகேஸ் முழுக்கப் புது லைட். பாங்கு கேட்டது. ஹாஜியார் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார். கேத்தலையும் கஞ்சி சுட வைக்கிற பெரிய கரண்டுப் பானையையும் ஒரே நேரத்தில் போட்டார்கள்.

இந்தத் தடவை சுவிட்ச் விழுந்ததோடு நிற்கவில்லை. கருகிவிட்டது. பெருநாள் சாரி எடுக்க வந்த சனம் இருட்டில் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு, பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. ஆள் பிடித்துச் சுவிட்சை மாற்ற வெகுநேரமாகிவிட்டது.

மறுநாள் ஹாஜியார் படியேறி வந்தார். ஏசுவார் என்று பார்த்தோம். ஏசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "மகன், பெருநாள் முடியும் மட்டும் இந்த மிஷின் ஓடப்படாது. ஓடினா எனக்கு மாடியக் காலி பண்ணித் தந்துருங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கொழும்பில் இருந்த முதலாளிக்குச் சேதி போனது. அவர் போனில் ஸ்பீக்கரைப் போடச் சொன்னார். "பெருநாள் முடியும் மட்டும் நிப்பாட்டினா இந்த வேல கையவிட்டுப் போயிரும். நான் கொழும்புல மிஷின் வாடகைக்கு எடுக்கிறேன். அங்க கரண்டுக்குப் பஞ்சமில்ல. வரக்கூடியவங்க வாங்க. ஏலாதவங்கள நான் என்ன செய்ய?" என்றார்.

ஏலாதவர் என்றால் விஜயா அக்காதான். நாங்கள் ஆளாளுக்கு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அவருக்கு வீட்டில் படுக்கையோடு மாமியார், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மகள், கட்டாரில் புருஷன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் படித்து, முட்டி மோதிப் பிடித்த வேலை. பதுளையில் ஆபீஸ் இருக்கிற வரைக்கும்தான் அவருக்கு வேலை. ஆபீஸ் போனால் மறுபடி மலைதான். அவர் படத்தில் செடிகளை அடையாளம் போட்டுக்கொண்டேயிருந்தார். நல்ல செடிக்கும் போட்டார்.

கங்காணி அண்ணன் குரங்குத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருக்குத் தலைமயிர் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"தப்பு என்னோடது அக்கா" என்றார். "தேத்தண்ணி நேரம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்."

கீழே இறங்கிப் போனார். நானும் பின்னால் போனேன், மனிதர் கடையின் மீட்டருக்குப் பின்னால் கையை விட்டுவிடுவாரோ என்ற பயத்தில். ஹாஜியார் முன்னால் நின்று ஒரு சமாதானமும் சொல்லவில்லை.

"ஹாஜியார், நான் பெரட்டை நோன்புக்கு மாத்திர்றேன். பகல்ல உங்க கேத்தல் சும்மாதானே கெடக்கு, அந்தக் கரண்டுல மிஷினு முழுசா ஓடட்டும். தையல்காரரு அயர்ன் பொட்டியப் போட்டா மட்டும் அந்தளவுக்குக் கொறைச்சிர்றேன். அந்தியில நீங்க நோன்பு தொறக்கும்போது எல்லாரையும் படுக்கப் போட்டுர்றேன். வேல கையவிட்டுப் போகாம நாலு பேரு மட்டும் முழிச்சிருப்பாங்க."

"போன தடவையும் நீங்க ஒழுங்காத்தானே செஞ்சீங்க மகன்?"

"ஆமாங்க. ஒழுங்காத்தான் செஞ்சேன். ஆனா என் நேரத்துக்குச் செஞ்சேன்."

ஹாஜியார் தாடியைத் தடவினார். "இண்டைக்கு அந்திக்கு வாங்க. என்னோட இந்தக் கடையில உக்காருங்க. கேத்தலப் போடுவோம், கஞ்சியப் போடுவோம். கரண்டு போச்சுண்டா பேச்சில்ல, காலி. போகல்லண்டா இருங்க."

அன்றைக்குப் பகல் முழுக்க மிஷின்கள் முழு மூச்சாக ஓடின. அயர்ன் பெட்டி ஓய்கிற இடைவெளி ஒவ்வொன்றையும் கங்காணி அண்ணன் பிடித்துக்கொண்டார். அவர் வாயில் ஒரு பருக்கை போகவில்லை. அந்திக்கு நாங்கள் மாடியில் எங்கள் லைட், விசிறி, போன் சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கீழே வந்தோம். பஸ்ஸை விட்டுவிட்டு விஜயா அக்காவும் வந்து நின்றார். கடைக்குப் பின்பக்கம் விரிப்பில் கஞ்சிக் கோப்பைகளும் பெட்டிஸ் பலகாரமும் வைத்திருந்தார்கள். பத்து முகத்தில் ஒன்றுகூடக் கோப்பையைப் பார்க்கவில்லை. எல்லாம் அண்ணாந்து லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மகனும் நோன்பா?" என்றார் ஹாஜியார், இவர் முகத்தைப் பார்த்து.

"இல்லீங்க. பயத்துல ஒண்ணும் எறங்கல."

"அதுவும் ஒரு நோன்புதான். இருங்க."

பாங்கு கேட்டது. ஹாஜியார் பேரீச்சம்பழத்தை எடுத்தார். தண்ணீர் குடித்தார். "கேத்தலப் போடுங்க" என்றார். போட்டார்கள். லைட் போகவில்லை. "பானையப் போடுங்க" என்றார். போட்டார்கள். லைட் மங்கியது. மங்கி, நடுங்கத் தொடங்கியது. கங்காணி அண்ணன் கையில் போனை வைத்துக்கொண்டு மேலே இருக்கிற மிஷின்களுக்குக் கட்டளையிட்டபடி வாய்க்குள் முணுமுணுத்தார். "படுங்கப்பா. இன்னும் கொஞ்சம் பேரு படுங்க. எந்திரிக்காதீங்க." லைட் ஒரு நிமிடம் நிற்பதும் நடுங்குவதுமாக இருந்தது.

அவர் போனை மடியில் வைத்துவிட்டார். "ஹாஜியார், இதுக்கு மேல எறக்குனா செஞ்ச வேல அம்புட்டும் போயிரும். அதுக்காக உங்க பெருநாள் யாவாரத்தைக் கெடுக்க எனக்கு மனசில்ல. நானே மேல போயி மெயினை நிப்பாட்டிர்றேன்." சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். விஜயா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உக்காருங்க" என்றார் ஹாஜியார்.

அவர் திரும்பி ஷோகேஸைப் பார்த்தார். சாரி கட்டிய பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு பொம்மையின் தலைக்கு மேலும் ஒரு கொத்து லைட்.

"அந்தப் பொம்மைக்கு எதுக்கு அவ்வளவு வெளிச்சம்? அதுவா சாரி வாங்கப் போகுது?" என்று கேட்டுவிட்டு, ஆட்களைப் பார்த்துக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "மேல் வரிசை லைட்டுக்கெல்லாம் இண்டைக்குப் பேர் இல்ல. படுக்கச் சொல்லுங்க."

நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். ஹாஜியார் கொஞ்சம் வெட்கப்பட்டார். "காலையில நீங்க மேல நிண்டு கத்துறது பலகை வழியா எனக்குக் கேக்கத்தானே செய்யுது" என்றார்.

மேல் வரிசை அணைந்தது. மிச்ச லைட் ஆடாமல் நின்றது. கேத்தல் கொதித்தது, கஞ்சி கொதித்தது, முன்வாசலில் முதல் கஸ்டமர் வந்து மெரூன் சாரி கேட்டாள். கங்காணி அண்ணன் அப்போதுதான் கஞ்சிக் கோப்பையைத் தொட்டார். தொட்டவர் நிறுத்தவில்லை. ஹாஜியாருக்கு வைத்திருந்ததையும் சேர்த்துக் குடித்தார்.

வேலை கவ்வாத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. கொழும்பு முதலாளி போன் பண்ணி, வாடகை மிஷின் வேண்டாம், பதுளையிலேயே இருக்கட்டும் என்றார். விஜயா அக்கா போனை வைத்துவிட்டு அழுத அழுகையில் கங்காணி அண்ணனுக்குக் கை கால் ஓடவில்லை. "அழாதீங்க அக்கா, மூக்கடைச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு மிஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் எட்டிப் பார்த்தேன். அவருக்கும் மூக்கடைத்திருந்தது.

இப்போது அவர் பனி பெய்கிற ஒரு நாட்டில் இருக்கிறார். ஒரு மண்டபம் நிறைய மிஷின் வைத்திருக்கிற இடத்தில், அவை கரண்டு தின்பதைக் குறைக்கக் கூப்பிட்டார்கள். போக மாட்டேன் என்று அடம் பிடித்தவரை ஹாஜியாரும் விஜயா அக்காவும் நானும் சேர்ந்து ஏசித்தான் அனுப்பி வைத்தோம். போகும்போது மிஷின்களுக்கு எல்லாப் பெரட்டையும் முன்கூட்டியே எழுதிவைத்தார். நோன்பு ஒவ்வொரு வருஷமும் முந்திக்கொண்டு வருமே, அதற்கும் சேர்த்து. எங்கள் கோவில் தேருக்கும் வெசாக்குக்கும்கூட எழுதியிருக்கிறார்.

நலம் விசாரிக்கப் போன் பண்ணினால் மனிதர் எடுத்த எடுப்பில், "என்ன கோளாறு?" என்பார். கோளாறு ஒன்றுமில்லை அண்ணே, சும்மாதான் என்றால், "சும்மா எதுக்கு தங்கச்சி கரண்டை வீணாக்குறீங்க" என்று வைத்துவிடுவார். இரண்டு தடவை பட்ட பிறகு எனக்கும் ரோஷம் வந்து, காரணமில்லாமல் கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

இந்த நோன்புக்கும் கீழே கேத்தலைப் போட்டார்கள், பானையைப் போட்டார்கள். நான் வேலையை விட்டுவிட்டு, கையில் போனோடு லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை கரண்டு போனால் போதும், அவரைக் கூப்பிட எனக்கு ஒரு சாக்குக் கிடைக்கும். எங்கே, போகவே மாட்டேன் என்கிறது.